குளூட்டன் ஃப்ரீ என்று போட்ட பாக்கெட்டைத் தின்றும் மகளுக்கு வயிறு கெடுகிறது, ஏனுங்க?

நம்பியூர் அம்மா கேட்டது:

வணக்கமுங்க. கோபிக்குப் பக்கத்தில் நம்பியூரில் இருந்து எழுதுகிறேன். என் மகளுக்குப் பத்து வயது, ஐந்தாவது படிக்கிறாள். சீலியாக், அதாவது கோதுமை, பார்லியில் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைக் கெடுக்கிற நோய், என்று தெரிந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் இரண்டு வருடம் இரும்புச்சத்து டானிக்கிலேயே போனது. ரத்தம் ஏறவே இல்லை, ஏழு வயதில் 16 கிலோதான் இருந்தாள். கோயமுத்தூரில் ஒரு டாக்டர்தான் சந்தேகப்பட்டு டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அப்புறம் எண்டோஸ்கோப்பி வைத்து, சிறுகுடலில் துளிச் சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். நம்ம பக்கம் இது அபூர்வம், அதனால்தான் யாருக்கும் சட்டென்று தோன்றுவதில்லை என்று சொன்னார்.

அன்றிலிருந்து வீட்டுக்குள் கோதுமை, மைதா, ரவை, சேமியா எதுவும் வருவதில்லை. வீட்டுக்காரருக்குச் சப்பாத்தி ஆசை வந்தால் வெளியே சாப்பிட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டுதான் வருவார். தோசைக்கல்லும் வாணலியும் புதிதாக வாங்கினோம். அரிசி, கேழ்வரகு, கம்பு எல்லாம் நானே புடைத்து, கழுவி, மாடியில் காயவைத்து வீட்டு மெஷினிலேயே அரைக்கிறேன். சந்தகை, அரிசியும் பருப்பும், கம்மஞ்சோறு, கச்சாயம் என்று இதிலேயே வளர்ந்து இப்போது 27 கிலோ இருக்கிறாள். டிடிஜியும் இறங்கிவிட்டது.

இந்த வருடம் பள்ளிக்கூடம் திறந்ததில் இருந்துதான் பிரச்சினை. "எல்லாரும் பாக்கெட் கொண்டு வர்றாங்க, நான் மட்டும் எவர்சில்வர் டப்பாவில கடலை உருண்டை" என்று அழுதாள். மனசு கேட்கவில்லை. ஈரோட்டில் சிறுதானியப் பலகாரம் விற்கிற ஒரு கடையில், முன்பக்கம் பெரிய எழுத்தில் குளூட்டன் ஃப்ரீ என்று போட்ட பாக்கெட்டுகள் மூன்று வகை வாங்கினேன். கேழ்வரகு ரிப்பன் பக்கோடா, கம்பு முறுக்கு, ஓட்ஸ் குக்கீஸ்.

ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், அப்படியே தருகிறேன்.

ஜூலை 12. ரிப்பன் பக்கோடா அரை பாக்கெட், சாயங்காலம் ஐந்து மணி. ஏழரைக்கெல்லாம் வயிறு உப்பிப் பாவாடை நாடாவைத் தளர்த்திக்கொண்டாள். மறுநாள் காலை மூன்று தடவை வெளியே போனாள், எண்ணெய் மிதக்கிற மாதிரி. இரண்டு நாள் கழித்து உதட்டுக்குள் புண்.

ஜூலை 19. அதே ரிப்பன், வேறு பாக்கெட். ஒன்றும் ஆகவில்லை.

ஜூலை 28. பாக்கெட் எதுவும் கொடுக்கவில்லை. இருந்தும் வயிறு உப்பியது, பள்ளிக்கூடத்தில் இருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆகஸ்ட் 9. கம்பு முறுக்கு நான்கு. ராத்திரி வாந்தி, அப்புறம் இரண்டு நாள் சோர்ந்து படுத்தே கிடந்தாள்.

ஆகஸ்ட் 16. ஓட்ஸ் குக்கீஸ் இரண்டு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள்.

ஆகஸ்ட் 25. மறுபடியும் பாக்கெட் இல்லாமலே வயிறு உப்பல்.

பாக்கெட்டின் பின்பக்கம் எத்தனையோ தடவை படித்துவிட்டேன். ரிப்பனில் கேழ்வரகு மாவு, கடலை மாவு, அரிசி மாவு, எண்ணெய், எள், மிளகாய்த்தூள், உப்பு, பெருங்காயம். கோதுமை என்ற சொல்லே இல்லை. பின்னே எப்படி? பொய் சொல்லி விற்கிறார்களா, இல்லை என் மகளுக்கு வேறு ஏதாவது சேராமல் போய்விட்டதா? "ஒரு முறுக்கிலே என்ன ஆயிடப் போகுது" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். படுத்துக்கிடக்கிற பிள்ளை முகத்தைப் பார்த்தவள் நான்தானே. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்க.

திருப்பூர் பனியன்காரன் எழுதியது:

அக்கா, எனக்கு 41 வயது, சீலியாக் தெரிந்து 14 வருடம். நோட்டு போட்டீர்களே, அதுதான் முதல் வேலை. நிறுத்தாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ விதிப்படி, குளூட்டன் ஃப்ரீ என்று போட வேண்டுமானால் ஒரு கிலோ பொருளில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. பல நாடுகளிலும் இதே அளவுதான். நாள் முழுக்கச் சேர்த்து 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் எங்களில் பெரும்பாலோருக்குக் குடல் கெடுவதில்லை என்பதை வைத்துப் போட்ட எல்லை அது. 150 கிராம் பாக்கெட் அந்த எல்லைக்குள் இருந்தால், முழுப் பாக்கெட்டிலும் 3 மில்லிகிராம்தான் இருக்க முடியும். பாப்பா தின்றது அரை பாக்கெட். அந்த அளவுக்கு இவ்வளவு பாடு படுவது அரிது. ஆக, எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இல்லை என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

அந்தப் பட்டியலில் கடைசியாக ஒன்று எழுதினீர்களே, பெருங்காயம். அங்கே நில்லுங்கள். நாம் கடையில் வாங்குகிற பெருங்காயத்தில் பெரும்பாலானது கூட்டுப் பெருங்காயம். பிசினை அப்படியே போட்டால் காரமும் நெடியும் தாங்காது, அதனால் கருவேலம் பிசினும் மாவும் சேர்த்துக் கலக்கிறார்கள். அந்த மாவு அரிசி மாவாக இருக்கலாம், மைதாவாகவும் இருக்கலாம். மாவு சேர்க்க விதியிலேயே இடம் உண்டு. ஒரு கிலோ முறுக்குக்கு 3 கிராம் பெருங்காயம், அதில் பாதி மைதா என்று வைத்துக்கொள்ளுங்கள். மைதாவில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்றால் 150 மில்லிகிராம் வந்துவிடுகிறது. எல்லையைப் போல ஏழு மடங்குக்கு மேல்! எனக்கு இது பிடிபட நான்கு வருடம் ஆயிற்று. அதுவரை மைதாவை ஒதுக்கிவிட்டு ரசத்தில் அதையே ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஓட்ஸை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். ஓட்ஸ் பெரும்பாலும் கோதுமை, பார்லி விளையும் வயல்களிலும், அவற்றை ஏற்றும் வண்டிகளிலும் கலந்துவிடுகிறது. கலப்பில்லாத ஓட்ஸ்கூடச் சிலருக்குச் சேராது, அதில் அவெனின் என்று வேறு ஒரு புரதம் இருக்கிறது.

இன்னொன்று. சம்பா கோதுமை நாட்டு ரகம், அது ஒன்றும் செய்யாது என்று யாராவது சொல்வார்கள், எனக்கும் சொன்னார்கள். அதுவும் கோதுமைதான் அக்கா. பார்லியில் எடுக்கிற மால்ட்டும் அப்படித்தான். கார்ன் ஃபிளேக்ஸ் சோளம்தானே என்று வாங்கினால் பட்டியலில் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் என்று இருக்கும்.

சென்னிமலை பலகாரக்காரர் எழுதியது:

அம்மிணி, நான் பலகாரம் போட்டு விற்கிறவன். சென்னிமலைப் பக்கம் வீட்டோடு சேர்ந்த ஷெட், நானும் வீட்டுக்காரியும் நான்கு பெண்களும் வேலை செய்கிறோம், 22 வருடம் ஆச்சு. உங்கள் எழுத்தைப் படித்ததும் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லியாகணும் என்று தோன்றியது.

ஏழு வருடத்துக்கு முன்னால் எங்களுக்கு ஸ்டிக்கர் அடித்துக் கொடுப்பவர் "குளூட்டன் ஃப்ரீன்னு போடுங்கண்ணா, இப்ப அதுதான் ஓடுது" என்றார். ராகியில் கோதுமை ஏது, போட்டால் என்ன என்று நானும் போட்டேன். மனசறிந்து பொய் சொல்லவில்லை, அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. ஆறு மாதம் கழித்து பெருந்துறையில் இருந்து ஒரு அம்மா போன் செய்தார். உங்களைப் போலவேதான், பையனுக்கு முடியவில்லை என்று. சத்தம் போடவில்லை. "எங்கே அரைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் மில்லுக்குப் போய்ப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். எனக்கு முன்னால் ஒருவர் பத்துக் கிலோ கோதுமை அரைத்துக்கொண்டு போனார். அவர் போனதும் என் ராகியைத் தொட்டியில் கொட்டினார்கள். ராகி மாவு செம்மண் நிறத்தில் இறங்கும் அல்லவா? முதல் இரண்டு படி வெளுத்து வந்தது. மாவு இறங்குகிற துணிப்பையை மில்காரர் கையால் நாலு தட்டு தட்டினார். உள்ளே ஒட்டியிருந்த வெள்ளை மாவு பொலபொலவென்று என் சாக்கில் விழுந்தது. இதை நான் 15 வருடம் பார்த்திருக்கிறேன், கண்ணில் பட்டதே இல்லை. மில்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஊர் வழக்கமே அதுதான், முன்னால் போனவர் மாவு கொஞ்சம் நமக்கு வரும், நம்முடையது கொஞ்சம் பின்னால் வருகிறவருக்குப் போகும்.

பனியன்காரத் தம்பி கணக்குப் போட்டார், நானும் ஒன்று போடுகிறேன். ஒரு மேசைக்கரண்டி கோதுமை மாவு எட்டு கிராம் வரும். அது ஒரு கிலோ ராகி மாவில் கலந்தால் ஏறத்தாழ 800 மில்லிகிராம் குளூட்டன். 20 என்ற எல்லையைத் தாண்ட ஒரு சிட்டிகை போதும். சாக்கின் மேல் பக்கத்து மாவில் போட்ட பாக்கெட் ஒரு மாதிரி, அடிப் பக்கத்து மாவில் போட்டது ஒரு மாதிரி. ஜூலை 12க்கும் 19க்கும் உள்ள வித்தியாசம் இதுவாகக்கூட இருக்கும்.

எண்ணெயும் அப்படித்தான். காலையில் மைதா பிஸ்கட் போட்டு எடுத்த சட்டியில் மத்தியானம் கம்பு முறுக்கு வேகும். மைதாத் துகள் அடியில் கருகிக் கிடக்கும். குளூட்டன் சூட்டில் அழிகிற பொருள் இல்லை என்று அந்தப் பெருந்துறை அம்மாதான் பிறகு சொன்னார். பிழிகிற அச்சு ஒன்று, அள்ளுகிற முறம் ஒன்று, மேசை ஒன்று.

தனி மெஷின் போட என்னிடம் முதல் இல்லை. அதனால் அந்த வார்த்தையை ஸ்டிக்கரில் இருந்து எடுத்துவிட்டேன். இப்போது "கோதுமைப் பலகாரமும் செய்யும் இடத்தில் தயாரித்தது" என்று போடுகிறேன். விற்பனை கொஞ்சம் குறைந்தது, பரவாயில்லை. யாரோ ஒரு பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பதற்கு என் கைப் பலகாரம் காரணமாக இருக்க வேண்டாம்.

பாக்கெட்டில் போன் நம்பர் இருக்கும், கூப்பிடுங்கள். மாவு எங்கே அரைக்கிறீங்க, அதே சட்டியில் மைதா போடுறீங்களா, என்ன பெருங்காயம், பரிசோதனைக் கூடத்தில் குளூட்டன் பார்த்த லேப் சான்று இருக்கா என்று கேளுங்கள். சுத்தமாகச் செய்கிறவர் தயங்காமல் சொல்வார். "ராகியில ஏதுங்க குளூட்டன்" என்று பதில் வந்தால் அந்தப் பாக்கெட்டை விட்டுவிடுங்கள். அன்றைய நானும் அந்தப் பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

கோவை உணவியல் எழுதியது:

மேலே இருவரும் சொன்னது சரி. ஒன்றைச் சேர்க்கிறேன். சீலியாக் உள்ளவருக்கு வருகிற எல்லா வயிற்றுவலியும் குளூட்டனால் வருவதில்லை. கடலை மாவு, வெங்காயத்தூள், பூண்டுத்தூள் இவற்றில் இருக்கும் ஒரு வகை மாவுச்சத்து குடலில் நொதித்து வாயு உண்டாக்கும். சர்க்கரை இல்லாதது என்று வரும் குக்கீஸில் மால்டிடால், சார்பிடால் போன்ற இனிப்பூட்டிகள் இருந்தால் பிள்ளைகளுக்கு வயிறு கழியும். நார்ச்சத்துக்கு இனுலின் சேர்க்கிறார்கள், அதுவும் உப்ப வைக்கும். சீலியாக்கில் தேய்ந்துபோன குடலுறிஞ்சிகள், அதாவது சிறுகுடலின் உள்பக்கத்து நுண் விரல்கள், பழையபடி வளரும்வரை பால் சர்க்கரையும் சிலருக்குச் செரிக்காது, ஏனென்றால் அதைச் செரிக்கும் நொதி அந்த உறிஞ்சிகளின் நுனியில்தான் சுரக்கிறது. ஒரு வாரம் வீட்டிலேயே, உங்கள் மாவில், பெருங்காயம் போடாமல் கடலை மாவு ரிப்பன் செய்து கொடுத்துப் பாருங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் கடலை மாவு மேல் சந்தேகம் போய்விடும்.

ஆனால் வாந்தி, எண்ணெய் மிதக்கும் மலம், வாய்ப்புண் என்று நீங்கள் எழுதியதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். டாக்டரைப் பார்த்து டிடிஜி மறுபடி எடுங்கள். ஒரு நாள் தவறுதலுக்கு அது உடனே ஏறாது, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருந்தால் காட்டிக்கொடுக்கும். பரிசோதித்துப் பார்க்கிறேன் என்று கோதுமை எதையும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.

பாக்கெட் இல்லாமல் வந்த இரண்டு நாளைத்தான் நான் கூர்ந்து பார்ப்பேன். ஜூலை 28, ஆகஸ்ட் 25 இரண்டும் திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள் எங்கே சாப்பிட்டாள்?

நம்பியூர் அம்மா:

நான்கு நாளாக எழுத முடியவில்லை, மன்னிக்கணும்.

உணவியல் அம்மா கேட்ட கேள்வியைப் படித்ததும் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் கவுந்தப்பாடியில் அவளுடைய அம்மிச்சி வீட்டில், அதாவது எங்கள் அம்மா வீட்டில் இருந்தோம். அங்கே அம்மா அவளுக்காகத் தனிச் சட்டியில் சமைப்பார், சப்பாத்திக் கட்டையைக்கூட எடுத்து ஒளித்து வைத்துவிடுவார். அதனால் அந்த வீட்டின் மேல் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

அன்றைக்கே போனேன். அடுப்புக்குப் பக்கத்தில் மஞ்சள் டப்பா, கூட்டுப் பெருங்காயம். எழுத்து கடுகை விடச் சின்னது. வீட்டுக்காரர் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினார். கோதுமை மாவு என்று முதலாவதாகவே இருந்தது. பேத்திக்கு வயிறு சரியில்லை என்று ரசத்தில் இன்னும் ஒரு சிட்டிகை கூடப் போட்டிருக்கிறார் எங்கள் அம்மா, செரிமானத்துக்கு நல்லது என்று. அதைச் சொல்லிவிட்டு அவர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தவர்தான், வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. மகள் போய் மடியில் படுத்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டுப் பெருங்காயம் அரிசி மாவு சேர்த்தது. அது தற்செயலாக அமைந்ததுதான், நான் பார்த்து வாங்கவில்லை. நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

பாக்கெட்காரர்களையும் கூப்பிட்டேன். ரிப்பன் பக்கோடா செய்கிறவர் நல்லவிதமாகப் பேசினார். மாவு பொது மில்லில்தான் அரைக்கிறார்களாம், லேப் சான்று எதுவும் இல்லையாம். "வேண்டாம்மா, உங்க பாப்பாவுக்குக் கொடுக்காதீங்க" என்று அவரே சொல்லிவிட்டார். கம்பு முறுக்குக்காரர் "கம்புல ஏதுங்க குளூட்டன்" என்றார். சென்னிமலை அண்ணன் எழுதிய அதே வார்த்தை! அந்தப் பாக்கெட்டின் பேட்ச் எண், 14 இலக்க லைசன்ஸ் எண் எல்லாவற்றையும் படம் எடுத்து, ஃபுட் சேஃப்டி கனெக்ட் ஆப்பில் புகார் பதிந்திருக்கிறேன். மீதி முறுக்கைக் கவரோடு கட்டி மேல் தட்டில் வைத்திருக்கிறேன், கேட்டால் கொடுக்க. அவர் கடையை மூட வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. அந்த இரண்டு வார்த்தையை எடுத்தால் போதும்.

உணவியல் அம்மா சொன்னபடி கடலை மாவு ரிப்பன் வீட்டில் செய்தேன். மூன்று நாள் தின்றாள், ஒன்றும் இல்லை. டிடிஜிக்கு வருகிற சனிக்கிழமை ரத்தம் கொடுக்கப் போகிறோம்.

பள்ளிக்கூடத்துக்குப் பாக்கெட்தான் வேண்டும் என்பதில் மட்டும் மகள் இன்னும் மாறவில்லை. வீட்டுக்காரர் ஈரோட்டில் கையால் அழுத்தி ஒட்டுகிற சீல் மெஷின் ஒன்று வாங்கி வந்தார். பளபளப்புக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தோம். ஸ்டிக்கரை அவளே வரைந்தாள், ஒரு கேழ்வரகுக் கதிரும் கீழே அவள் பெயரும். முதல் நாளே நான்கு பேர் கேட்டு வாங்கித் தின்றார்களாம்.

சென்னிமலை அண்ணா, ஒரு சந்தேகம். கவரில் போட்ட ரிப்பன் இரண்டாம் நாளே நமுத்துப் போகிறது. நீங்கள் எப்படி மொறுமொறுப்பாக வைக்கிறீர்கள்?

சென்னிமலை பலகாரக்காரர்:

அவசரப்பட்டு ஒட்டுகிறீர்கள் அம்மிணி. எண்ணெயில் இருந்து எடுத்ததும் அகலமான தட்டில் ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்பி, முழுக்க ஆறவிடுங்கள். அடியில் கை வைத்தால் துளிச் சூடும் தெரியக் கூடாது. சூட்டோடு ஒட்டினால் ஆவி உள்ளேயே வேர்த்துவிடும். மாவை முதலில் வெறும் சட்டியில் வாசம் வரும்வரை லேசாக வறுத்துக்கொள்ளுங்கள். பிசையும்போது தண்ணீரைக் குறைத்து, நன்றாகக் காய்ந்த எண்ணெய் இரண்டு கரண்டி ஊற்றுங்கள். சலசலப்பு முழுக்க அடங்கின பிறகு எடுங்கள், ராகி கறுப்பாக இருப்பதால் நிறத்தை நம்ப முடியாது, காதைத்தான் நம்பணும். ஒரு கவரில் ஒரு நாளைக்கு ஆகிற அளவு மட்டும் போடுங்கள்.

பெருங்காயத்துக்குப் பதில் ஓமம் போட்டுப் பாருங்கள், ராகிக்கு நன்றாக இருக்கும். ஓமத்தையும் முழுசாக வாங்கி, கல் மண்ணோடு கோதுமை மணி ஏதாவது கிடக்கிறதா என்று தட்டில் பரப்பிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.